நினைவும் பகையும்

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் மாலை, பழவந்தாங்கல் நிலையத்தில் மின்வண்டியை விட்டிறங்கி நங்கநல்லூரை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். உடன் வந்தவர் என் நெடுநாளைய நண்பர். பேச்சில் சிக்கனமானவர். தம் இளைய மகளின் திருமண அழைப்பிதழ்களைக் கைப்பையில் வைத்திருந்தார். தெரு முனையில் விளக்குக் கம்பத்தடியில் நின்றவர், திடீரென்று ஒரு கேள்வி கேட்டார்.

"பாய், மறந்தால்தானே மன்னித்ததாகும்? எனக்கு மறக்கவில்லை. மறக்காத நான் மன்னித்துவிட்டதாகச் சொன்னால் அது நயவஞ்சகம் ஆகாதா?"

கேள்வியின் வரலாறு எனக்குத் தெரியும். இருபது ஆண்டுகளுக்கு முன், தந்தையார் விட்டுச்சென்ற ஒரு மனையை இவருடைய அண்ணன் இவருக்குத் தெரிவியாமல் விற்றுவிட்டார். அந்தத் தொகையை நம்பிக் கடைக்கு முன்பணம் கொடுத்திருந்த நண்பர் கடையையும் இழந்தார், முன்பணத்தையும் இழந்தார். பெரியவர்கள் தலையிட்டார்கள். அண்ணன் தவற்றை ஒப்புக்கொண்டு, ஆறு ஆண்டுகளில் தவணை முறையில் பங்குத்தொகை முழுவதையும் திருப்பிக் கொடுத்தார். கணக்குத் தீர்ந்தது, பேச்சு மட்டும் திரும்பவில்லை. அதன்பின் பதினான்கு ஆண்டுகள் ஓடிவிட்டன. இப்போது அண்ணன் நோயில் இருக்கிறார். "தம்பி மகள் கல்யாணத்தைப் பார்த்துவிட வேண்டும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

நான் அவருக்கு உடனே மறுமொழி சொல்லவில்லை. பெருந்தன்மையாக நடந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிடலாம். ஆனால் இழப்புக்கு ஆளாகாதவன் வழங்கும் அறிவுரைக்கு விலை குறைவு. "யோசித்துச் சொல்கிறேன்" என்று விடைபெற்று வந்தேன்.

அன்றிரவு, மேல்நிலை வகுப்பில் படிக்கும் என் பேத்தி உயிரியல் பாடப் புத்தகத்தோடு வந்து நின்றாள். "நன்னா, நான் ஒப்பிக்கிறேன், நீங்கள் புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றாள். உயிரணுப் பிளவும், நோய் எதிர்ப்பாற்றலும் மறுநாள் தேர்வுக்குரிய பாடங்கள். அவள் ஒப்பித்துவிட்டு உறங்கப் போனாள். நான் புத்தகத்தை மூடவில்லை. நண்பரின் கேள்விக்கு அதில் விடை இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்பதற்குரிய வழி அதில் இருந்தது.

ஒன்று பலவாகும் விதம்

நம் உடலில் நோயை எதிர்க்கும் வேலைக்கென்று பலவகை வெள்ளணுக்கள் உண்டு. அவற்றுள் நிணநீர் அணுக்கள் என்பவை தனித்தன்மை வாய்ந்தவை. ஒவ்வோர் அணுவும் ஒரே ஒரு வகை அடையாளத்தை மட்டுமே இனங்காணும். ஒரு பூட்டுக்கு ஒரு சாவி என்பது போல. எந்தக் கிருமி எப்போது வரும் என்று உடலுக்குத் தெரியாது. ஆகவே, மரபுத் துணுக்குகளைப் பலவாறு மாற்றி மாற்றி இணைத்து, கோடிக்கணக்கான வேறுபட்ட சாவிகளை முன்கூட்டியே செய்து வைத்துக்கொள்கிறது. இந்த விந்தையை 1976இல் வெளியிட்ட ஜப்பானிய அறிஞர் சுசுமு டொனெகாவா, அதற்காக 1987இல் நோபல் பரிசு பெற்றார்.

குறிப்பிட்ட ஒரு கிருமிக்குப் பொருந்தும் அணு இலட்சத்தில் ஒன்றாகவோ, அதனினும் அரிதாகவோதான் இருக்கும். கிருமி நுழைந்தவுடன் அந்த ஒன்று தேர்ந்தெடுக்கப்படுகிறது. அது பிளந்து பெருகத் தொடங்குகிறது. 1957இல் ஆஸ்திரேலியாவின் மக்ஃபர்லேன் பர்னெட் வகுத்த கொள்கை இதுவே. எட்டு மணி நேரத்திற்கு ஒரு முறை பிளவுபடுவதாகக் கணக்கிட்டுப் பாருங்கள். ஐந்து நாளில் பதினைந்து பிளவுகள். ஓர் அணு 32,768 ஆகிவிடும். தொண்டை புண்ணானால் கழுத்தில் நெறி கட்டுகிறது என்கிறோமே, அங்கே நடப்பது இதுதான். படை திரளும் பாசறையின் வீக்கமே அந்த நெறி.

இந்தப் பெருக்கம் கண்மூடித்தனமானதன்று. அணு பிளக்குமுன் தன் 46 குரோமோசோம்களையும் படியெடுத்து இரட்டிப்பாக்குகிறது. பின் அவ்விணைகளை நடுவே வரிசையாக நிறுத்துகிறது. இரு துருவங்களிலிருந்தும் நூலிழைகள் வந்து ஒவ்வோர் இணையையும் பற்றுகின்றன. ஒரே ஓர் இணை இன்னும் பற்றப்படாமல் நின்றாலும் பிளவு தொடர்வதில்லை. அந்த ஒன்றுக்காக மற்றவையெல்லாம் காத்து நிற்கின்றன. இந்தக் காத்திருத்தலும் தணிக்கையும் கெட்டுப்போன அணு, நிறுத்த அறியாமல் பிளந்துகொண்டே போகும். அதையே புற்று என்கிறோம். ஆகவே பெருகும் ஆற்றலோடு நிற்கும் ஆற்றலும் சேர்ந்திருப்பதுதான் நலம்.

கலையத் தெரிந்த படை

என்னை நெடுநேரம் விழித்திருக்கச் செய்தது இதன் பிற்பகுதி.

கிருமி ஒழிந்தது. திரண்ட படை என்ன ஆகிறது? அது நிலைத்து நிற்பதில்லை. ஓரிரு வாரங்களில் அந்த அணுக்களுள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை தாமே மடிந்துவிடுகின்றன. காயம்பட்டுச் சாகும் அணு சிதறிச் சுற்றுப்புறத்தையும் புண்ணாக்கும். இவையோ ஒடுங்கிச் சுருங்கி, சிறு பொட்டலங்களாகப் பிரிகின்றன. அவற்றைத் துப்புரவு அணுக்கள் அழற்சியேதும் உண்டாக்காமல் உட்கொண்டுவிடுகின்றன. 1972இல் இத்தகைய மரணத்திற்குப் பெயர் சூட்டிய அறிஞர் மூவர், மரத்திலிருந்து இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையே தேர்ந்தெடுத்தார்கள்.

எஞ்சுபவை மிகச் சில. அவை நினைவணுக்கள். போரிடுவதில்லை, உடம்பெங்கும் அமைதியாக உலவுகின்றன, அல்லது எலும்பு மச்சையில் ஒதுங்கி வாழ்கின்றன. அதே கிருமி மீண்டும் வந்தால் மட்டும் விரைந்து எழும்.

அந்த நினைவு எத்தனை காலம் நிற்கும்? வட அட்லாண்டிக் கடலில் உள்ள ஃபேரோ தீவுகளுக்கு 1781இல் தட்டம்மை வந்தது. பின் 65 ஆண்டுகள் அந்தப் பக்கம் வரவில்லை. 1846இல் மறுபடி வந்தபோது தீவு மக்களில் பெரும்பாலோர் படுக்கையில் விழுந்தார்கள். ஆனால் 1781இல் நோய் கண்டு பிழைத்திருந்த முதியோரை அது தொடவில்லை என்பதை, அங்கே அனுப்பப்பட்ட டென்மார்க் மருத்துவர் பானும் கண்டு எழுதினார். 65 ஆண்டு நினைவு! ஆயின் 65 ஆண்டுக் காய்ச்சலோடு அம்முதியோர் வாழவில்லை என்பதையும் கவனியுங்கள். அவர்கள் மீன் பிடித்தார்கள், ஆடு வளர்த்தார்கள், பேரப்பிள்ளைகளைக் கொஞ்சினார்கள். உடலுக்கு நினைவிருந்தது, பகை இல்லை.

நண்பரின் கேள்வியில் இருந்த முடிச்சு இங்கேதான் எனக்கு அவிழத் தொடங்கியது. மறத்தலும் மன்னித்தலும் ஒன்றே என்று அவர் கொண்டிருந்தார். நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான் கொள்கிறோம். "மறந்துவிடு, மன்னித்துவிடு" என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் அவை இரண்டு வேறு செயல்கள். நினைவு என்பது நடந்ததை அறிந்திருத்தல். பகை என்பது நடந்து முடிந்த ஒன்றுக்கு எதிராக இன்னும் படை நிறுத்தியிருத்தல். முன்னது நம் விருப்பத்தால் அழிவதன்று. பின்னதோ, நாம் ஊதியம் கொடுத்துக் காப்பாற்றுவது.

கலையாத படை

படை கலைய மறுத்தால் என்ன ஆகும் என்பதையும் உடல் காட்டுகிறது.

ருமாட்டிக் காய்ச்சல் என்று மருத்துவர்கள் கூறும் நோயை நம் நாட்டு ஏழைக் குடும்பங்கள் பல அறியும். ஐந்து வயதுக்கும் பதினைந்துக்கும் இடைப்பட்ட பிள்ளைகளையே அது பெரிதும் பற்றும். முதலில் வருவது வெறும் தொண்டைப்புண். அதை உண்டாக்கும் கிருமியின் மேற்புறப் புரதம் ஒன்று, நம் இதயத் தசையிலுள்ள புரதத்தோடு சாயலில் ஒத்திருக்கிறது. கிருமிக்கெதிராக எழுந்த படை, கிருமி போன சில வாரங்களில், சாயல் கண்டு மயங்கி இதயத்தின் கதவங்களையே தாக்குகிறது. புண்பட்டது தொண்டை, பழுதானது இதயம். அவ்வாறு பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு, அந்தக் கிருமி மீண்டும் வந்து படையை எழுப்பிவிடாதிருக்க, மூன்று நான்கு வாரங்களுக்கு ஒரு முறை பென்சிலின் ஊசியைப் பல்லாண்டு போட்டு வருகிறார்கள்.

மனிதரிடத்தும் இதைக் கண்டிருக்கிறோம். அண்ணன் மேல் கொண்ட சினம் அண்ணன் பிள்ளைகள் மேல் பாய்கிறது. அவர்கள் செய்த குற்றம் சாயல் ஒன்றே. ஒரே தெருவில் வளரும் சிற்றப்பா பெரியப்பா மக்கள் ஒருவரை ஒருவர் பார்த்தும் பாராமல் போகிறார்கள். எதற்காக என்று கேட்டால், அவர்களுக்கே தெரிவதில்லை.

இன்னொரு சான்று, நாம் அனைவரும் நடுங்கி வாழ்ந்த 2020ஆம் ஆண்டினது. நங்கநல்லூரிலிருந்து சிறிது தொலைவில், கிண்டியில், 1899இல் அம்மைப்பால் தயாரிப்பதற்கென்று நிறுவப்பட்ட கிங் நிலையம் இருக்கிறது. பெரியம்மை இந்தியாவில் 1975இல் முடிவுக்கு வந்தது. 1980இல் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. அந்த நெடிய வெற்றியில் அத்தகைய நிலையங்களுக்குப் பங்குண்டு. அதே கிங் நிலையத்தில்தான் 2020இல் கொரோனாச் சோதனைகளும் நடந்தன. அந்நோயில் முதல் வாரத்தைத் தாண்டிய சிலர் இரண்டாம் வாரத்தில் மூச்சுக்குத் தவித்தார்கள். அவர்களுடைய நுரையீரலைக் கெடுத்ததில் கிருமியைவிட, அடங்காது பொங்கிய அவர்களது சொந்த எதிர்ப்பாற்றலுக்கே பெரும்பங்கு இருந்தது. 2020 ஜூன் மாதம் பிரிட்டனில் நடந்த பெரும் ஆய்வு ஒன்றின் முடிவு வந்தது: எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் டெக்சாமெத்தசோன் என்ற மலிவான பழைய மருந்து, செயற்கை மூச்சுக் கருவியில் இருந்தோரின் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆனால் உயிர்க்காற்றின் உதவி தேவைப்படாத நிலையில் இருந்தோருக்கு அதே மருந்து பயன் தரவில்லை.

இந்த இரண்டாம் வாக்கியத்தைச் சற்று நின்று படிக்க வேண்டும். படை எப்போதுமே தீயதன்று. கிருமி உள்ளே இருக்கும்போது படையைத் தணிக்கச் சொல்வது மருத்துவம் ஆகாது. காலம் அறிந்து தணிப்பதே மருத்துவம்.

நீதிக்கு இடம் எங்கே?

இங்கே ஓர் ஐயம் எழும், எழவும் வேண்டும். மன்னிப்பின் பெருமையைப் பேசுவோர் பெரும்பாலும் வலியவன் பக்கத்திலிருந்து பேசுவது உலக வழக்கம். அடித்தவன் கைகழுவிக்கொண்டு நிற்க, அடிபட்டவனிடம் போய், "பொறுமையாக இரு, மறந்துவிடு" என்கிறார்கள். இது அறமா?

அன்று. உடலின் ஒழுங்கும் அதை ஒப்புவதில்லை. கிருமி நீங்கிய பிறகே படை கலைகிறது, அதற்கு முன்பன்று. முற்றும் நீக்க முடியாத கிருமிகளும் உண்டு. சின்னம்மையின் கிருமி, கொப்புளங்கள் உதிர்ந்த பின்னும் நரம்பு முடிச்சுகளில் ஒளிந்து வாழ்கிறது. உடல் அதனோடு ஓயாப் போர் தொடுப்பதில்லை, காவல் வைக்கிறது. முதுமையில் காவல் தளர்ந்தால் அது அக்கியாக வெளிப்படும். நம் ஊர்களில் குயவரிடம் போய்க் காவி மண்ணால் அக்கி எழுதிக்கொண்டார்களே, அந்த அக்கிதான். ஆகவே திருந்தாதவனிடத்தில் விழிப்பாக இருப்பது பகையன்று, அது காவல். தொடரும் அநீதியை எதிர்ப்பதும் பகையன்று, அது கடமை. கேள்வி இவற்றைப் பற்றியதன்று. தீங்கு நின்று, ஈடும் செய்யப்பட்ட பிறகு, அதே படையை அதே முனையில் நிறுத்தி வைத்திருக்கலாமா என்பதுதான் கேள்வி.

மற்றோர் ஐயம் இதனினும் ஆழமானது. உடலைப் பார்த்து மனிதன் ஒழுக்கம் கற்கலாமா? அணுவுக்கு மனம் இல்லை, விருப்பம் இல்லை. அது கலைவது பெருந்தன்மையால் அன்று. இயற்கையில் நடப்பதெல்லாம் மனிதனுக்கு நெறியாகிவிடும் என்றால், வலியது எளியதைத் தின்பதும் நெறியாகிவிடும். இத்தகைய ஒப்புமையால் விளைந்த கொடுமையையும் வரலாறு கண்டிருக்கிறது. ஹிட்லர் காலத்து ஜெர்மனியில் யூத மக்களைக் கிருமிகள் என்று எழுதினார்கள்; பேசினார்கள்; பின்னர் அப்படியே நடத்தினார்கள். ஒரு சமுதாயத்தை உடல் என்றும், அதனுள் வாழும் சிலரை அயற்கிருமி என்றும் எவனாவது பேசத் தொடங்கினால், அங்கே அறிவியலும் இல்லை, அறமும் இல்லை என்று அறிந்துகொள்ள வேண்டும்.

அறிவியல் இல்லை என்று ஏன் சொல்கிறேன் என்றால், அயலானதையெல்லாம் தாக்குவது உடலின் இயல்பே அன்று. நாம் உண்ணும் சோறு அயற்பொருள்தான். உடல் அதை எதிர்ப்பதில்லை. நம் குடலில் வாழும் நுண்ணுயிர்கள், நம் சொந்த அணுக்களின் எண்ணிக்கைக்கு ஏறத்தாழ ஈடானவை. அவை இன்றி நலமான வாழ்வு இல்லை. கருவிலிருக்கும் குழந்தையின் கூறுகளில் பாதி தந்தையுடையவை. தாயின் உடலுக்கு அவை அயலானவை. இருந்தும் பத்து மாதம் தாய் சுமக்கிறாள். இந்தப் பொறையுடைமை சோம்பலால் வருவதன்று. அதற்கென்றே அடக்கியாளும் அணுக்கள் உள்ளன. ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி 1995இல் அவற்றை இனங்காட்டினார். 2025ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்கும் அமெரிக்க அறிஞர்களான மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் ஆகியோருக்கும் வழங்கப்பட்டது. அவ்வணுக்கள் பிறவியிலேயே இல்லாத குழந்தையின் உடல், தன்னைத்தானே தாக்கிக்கொள்கிறது. அடக்கம் என்பது வலிமையின் குறைவன்று, அதன் ஒரு பகுதி என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

ஆனாலும் ஒப்புமை ஒப்புமையே. அணு கலையும், கலைய வேண்டும் என்று அது முடிவு செய்வதில்லை. மனிதன் முடிவு செய்கிறான். அதனாலேயே அவன் செயலுக்கு அறம் என்று பெயர். உடல் நமக்குக் கட்டளையிடவில்லை. 'முடியாது' என்று நாம் எண்ணியிருந்த ஒன்று முடியக்கூடியதே என்பதை மட்டும் காட்டுகிறது: நினைவை அழிக்காமலே படையைக் கலைக்க முடியும்.

நினைவின் பயன்

நினைவுக்கு வேறு ஒரு பயனும் உண்டு. கி.மு. 430இல் ஏதென்ஸ் நகரில் கொள்ளைநோய் பரவியபோது, நோயுற்று மீண்டவர்களே மற்ற நோயாளிகளின் அருகில் அஞ்சாமல் நின்று பணிவிடை செய்தார்கள் என்று வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் எழுதியிருக்கிறார். அவரும் அந்நோயில் விழுந்து எழுந்தவர். பெரியம்மையையும் தட்டம்மையையும் பிரித்துக் காட்டிப் பத்தாம் நூற்றாண்டில் நூல் எழுதிய அர்ராஸீ முதல், பின்வந்த மருத்துவர்கள் அனைவரும் ஆராய்ந்த இந்த எதிர்ப்பாற்றலின் மிக உயர்ந்த பயன் இதுவென்றே எனக்குத் தோன்றுகிறது. துன்பத்தை அறிந்த உடல், துன்பப்படுபவன் அருகே நிற்கும் தகுதியைப் பெறுகிறது. ஏமாற்றப்பட்டதை மறவாதவன், இன்னொருவன் ஏமாறாமல் காக்கலாம். அநாதையாக வளர்ந்ததை மறவாதவன், அநாதையின் தலையைத் தடவலாம். மறந்துவிட்டவனால் இது இயலாது. பகைத்துக்கொண்டே இருப்பவனாலும் இயலாது.

மறுவாரம் நண்பரை மீண்டும் கண்டேன். இவ்வளவையும் நான் அவரிடம் சொல்லவில்லை. "மறக்க வேண்டாம். மறக்க முயன்று தோற்று, அந்தத் தோல்வியை வஞ்சகம் என்று எண்ணி உங்களையே நோகவும் வேண்டாம். அவர் செய்தது தவறு. அது தவறாகவே இருக்கட்டும். ஆனால் கணக்குத் தீர்ந்து பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. இன்னும் யாரை எதிர்த்து நிற்கிறீர்கள் என்று மட்டும் எண்ணிப் பாருங்கள்" என்றேன்.

நெடுநேரம் பேசாதிருந்தார். பின் கைப்பையைத் திறந்து ஓர் அழைப்பிதழை எடுத்தார். என் எழுதுகோலை வாங்கி உறையின் மேல் அண்ணன் பெயரை எழுதினார். எழுதும்போது கை சற்று நடுங்கியது. மை உலரும் வரை காத்திருந்து, என்னைப் பார்த்து முறுவலித்தார்.

"நாளைக்குக் காலையில் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன், பாய். ஆனால் ஒன்று. இனி எந்தச் சொத்தையும் கூட்டாக மட்டும் வாங்க மாட்டேன்."

அவர் சரியாகவே புரிந்துகொண்டார் என்று நினைத்துக்கொண்டேன்.